பேனாக்கத்தியின் பூர்வீகம்

"ரொம்ப விலை வேண்டாம், ஆனால் உருப்படியாக ஒரு கத்தி வாங்கணும், எது நல்லது?" இந்தக் கேள்விக்கு உலகம் முழுக்க கத்திப் பைத்தியங்கள் சொல்லும் பதில் கிட்டத்தட்ட ஒன்றுதான். மடக்குக் கத்தி என்றால் பிரான்சின் ஒபினெல். உறையில் செருகும் கத்தி என்றால் சுவீடனின் மோரா. பையில் எல்லாம் வேண்டும், திருப்புளி முதல் பல்குத்தி வரை வேண்டும் என்றால் சுவிஸ் சிவப்புக் கத்தி. கொஞ்சம் விவரம் தெரிந்தவராக இருந்தால் ஜப்பானின் ஹிகோனோகாமியையும் சேர்த்துக்கொள்வார்.

இந்த நாலும் பிறந்த வருடங்களைப் பாருங்கள். சுவிஸ்காரர் கடை போட்டது 1884, ராணுவத்துக்குக் கத்தி கொடுத்தது 1891. ஒபினெல் 1890. மோராவில் பெரிய கத்தித் தொழிற்சாலையாக வளர்ந்த பட்டறை 1891. ஹிகோனோகாமி 1890-களின் நடுவில். நாலு தேசம், நாலு ஊர், ஒருத்தரை ஒருத்தர் தெரியாது. எல்லாமே பத்துப் பதினைந்து வருடத்துக்குள். இன்னொரு ஒற்றுமையும் உண்டு. நாலில் ஒன்றுகூட பணக்காரர்களுக்காகச் செய்யப்படவில்லை. விவசாயி, சிப்பாய், மரம் வெட்டுகிறவர், பள்ளிக்கூடப் பையன், இவர்கள்தான் வாடிக்கையாளர்கள்.

ஏன் அப்போது? என் கணக்கு இது. 1856-இல் பெஸ்ஸமர் தன் உருக்கு முறையை அறிவித்ததிலிருந்து நாற்பது வருடத்தில் உருக்கு அடிமாட்டு விலைக்கு வந்துவிட்டது. ரயில் மலையடிவாரம் வரை போய்விட்டது. அதே ரயில் ஊரிலிருந்து ஆட்களைக் காலி செய்துகொண்டும் இருந்தது. இருக்கிற கொல்லன், ஊரைவிட்டுப் போகாமல் பிழைக்க ஒரு வழி தேடினான். கோடாலி, மண்வெட்டி செய்தால் ஒருத்தர் பத்து வருடத்துக்கு ஒன்று வாங்குவார். கத்தி என்றால் வீட்டில் உள்ள ஆண்பிள்ளைகள் ஒவ்வொருத்தருக்கும் ஒன்று, தொலைத்தால் இன்னொன்று. நம்மைப் போல ஊரைவிட்டு வந்தவர்கள் இந்தக் கதையைப் படிப்பதில் ஒரு தனி அர்த்தம் இருக்கிறது என்பதால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

அதற்கு முன்னால் ஒரு சொல் ஆராய்ச்சி. நாம் பேனாக்கத்தி என்கிறோமே, பேனாவுக்கும் கத்திக்கும் என்ன சம்பந்தம்? பேனா என்பது போர்ச்சுக்கீசியர் நமக்குக் கொடுத்த சொல். அவர்கள் மொழியில் அதற்கு இறகு என்று பொருள். வாத்து இறகைச் சீவி மையில் தொட்டு எழுதிய காலத்தில், மழுங்க மழுங்க முனையைச் சீவ எழுத்தர் மேசையில் ஒரு சின்னக் கத்தி வேண்டியிருந்தது. இறகு போய் நிப்பு வந்து, நிப்பு போய் பால்பாயிண்ட் வந்து, அதுவும் போய் கீபோர்டு வந்தாச்சு. கத்தி மட்டும் பழைய பெயரிலேயே இருக்கிறது.

நம்மூரிலும் எழுதுகிறவன் கையில் கத்தி இருந்தது. மடக்கெழுத்தாணி என்று ஒன்று உண்டு. ஒரு பக்கம் ஓலையில் எழுத ஊசிமுனை, மறுபக்கம் ஓலையை வாரிச் சீர்செய்யக் கத்தி, இரண்டையும் மடக்கிக் கைப்பிடிக்குள் போட்டுக்கொள்ளலாம். ஒரே கைப்பிடியில் இரண்டு கருவி! சுவிஸ்காரர்கள் மன்னிக்க. :-)

இதைவிடப் பெரிய சங்கதி உருக்கில் இருக்கிறது. தென்னிந்தியாவில் மூசையில் உருக்கி எடுத்த உருக்கை வெள்ளைக்காரர்கள் 'ஊட்ஸ்' என்றார்கள் (கன்னட 'உக்கு'வின் திரிபு என்பது பொதுவான கருத்து). கொடுமணலில் தோண்டியபோது கிடைத்த உலைகளின் எச்சங்களைப் பற்றிப் பலரும் படித்திருப்பீர்கள். அந்த உருக்கின் கட்டிகள் 1790-களில் லண்டன் ராயல் சொசைட்டிக்குப் போயின. ஜார்ஜ் பியர்சன் என்பவர் ஆராய்ந்து 1795-இல் கட்டுரை வாசித்தார். ஜேம்ஸ் ஸ்டோடர்ட் என்ற லண்டன் கத்திக் கடைக்காரர் அதிலிருந்து பேனாக்கத்தி அடித்துப் பார்த்தார். பிடித்துப்போய், தன் கடை விளம்பரச் சீட்டிலேயே ஊட்ஸில் செய்த அறுவைக் கருவிகள், சவரக்கத்திகள் என்று அச்சடித்துக்கொண்டார். பிறகு அவரும் இளம் மைக்கேல் ஃபாரடேயும் சேர்ந்து உருக்குக் கலவைகளைப் பற்றி 1820-இல் கட்டுரை எழுதினார்கள். ஆமாம், மின்சார ஃபாரடேயேதான். மின்சாரத்தில் பெரும் பெயர் எடுப்பதற்கு முன் அவர் மண்டையைக் குடைந்த விஷயங்களில் ஒன்று, நம்மூர் உருக்கு ஏன் இப்படி வெட்டுகிறது என்பது.

இன்னொருவர் கதை சோகமானது. ஜோசையா மார்ஷல் ஹீத். மெட்ராஸில் கம்பெனி உத்தியோகம் பார்த்தவர், வேலையை விட்டுவிட்டு 1830 வாக்கில் பரங்கிப்பேட்டையில் இரும்பாலை தொடங்கினார். சேலம் பக்கத்து காந்தக்கல் தாது, காட்டு மரக்கரி. இரும்பு நன்றாகத்தான் வந்தது, ஷெஃபீல்டு வரைக்கும் போயிற்று. ஆலைதான் கடைசிவரை லாபம் காணவில்லை. ஹீத் இங்கிலாந்து திரும்பி, உருக்கில் மாங்கனீசு சேர்க்கும் முறைக்கு 1839-இல் காப்புரிமை வாங்கினார். ஷெஃபீல்டில் அதனால் உருக்கு விலை இறங்கிற்று, கத்திக்காரர்கள் கொழித்தார்கள். சின்ன மாற்றம் ஒன்றைச் செய்து, இது உன் முறை இல்லை என்று காசு கொடுக்க மறுத்தார்கள். வருடக்கணக்கில் கோர்ட்டு கேஸ் என்று அலைந்து, பணமெல்லாம் போய், அந்த மனிதர் ஓட்டாண்டியாகச் செத்தார். பத்தொன்பதாம் நூற்றாண்டின் மலிவான ஷெஃபீல்டு கத்தியில் பரங்கிப்பேட்டைக்கும் ஒரு பங்கு உண்டு என்று நான் சொன்னால் அது ஊர்ப்பாசம் மட்டும் கிடையாது.

சரி, ஒபினெலுக்கு வருவோம்.

ஆல்ப்ஸ் மலையில் சவோய் பகுதி. 1860-இல்தான் பிரான்சோடு சேர்ந்தது. பனிக்காலத்தில் வயலில் வேலை இருக்காது. சின்னப் பையன்களைப் பாரிசுக்குப் புகைக்கூண்டு துடைக்க அனுப்பிய சீமை அது. அங்கே அல்பியே லெ வியூ என்ற ஊரை ஒட்டிய குக்கிராமத்தில் ஒபினெல் குடும்பம் கொல்லர்கள். கோடாலி, வெட்டரிவாள் செய்வார்கள், அக்கம்பக்கத்தில் நல்ல பெயர். மகன் ஜோசப்புக்குப் பதினெட்டு வயது, இயந்திரம், கேமரா என்று புதுசாக எது வந்தாலும் மோகம். 1890-இல் பாக்கெட்டில் போடும் கத்தி ஒன்றைச் செய்கிறான். அப்பாவுக்குப் பிடிக்கவில்லை. கோடாலி செய்கிற குடும்பம் பொம்மைக் கத்தி செய்வதா என்று நினைத்தாரோ என்னவோ.

அந்தக் கத்தியைக் கையில் எடுத்துப் பார்த்தால் அதில் ஒன்றுமே இல்லை. உருண்டையான மரப்பிடி, அதில் ரம்பத்தால் போட்ட ஒரு பிளவு, பிளவுக்குள் மடங்குகிற அலகு, மரம் பிளந்துவிடாமல் சுற்றி ஒரு உலோகப் பட்டை, எல்லாவற்றையும் கோர்க்கும் ஓர் ஆணி. ஸ்பிரிங் கிடையாது. மரம் அலகை இறுக்கிப் பிடிப்பதால்தான் அது திறந்தும் மூடியும் நிற்கிறது. ஷெஃபீல்டு, சோலிங்கன் கத்திகளில் முதுகு ஸ்பிரிங் வைத்து, தந்தமும் கொம்பும் பதித்து, ஒவ்வொன்றையும் கையால் அரமெடுத்துப் பொருத்துவார்கள். அந்த வேலை முழுவதையும் இவன் விட்டுவிட்டான். சமத்து. பிடியில் பிளவு போட ஒரு இயந்திரத்தையும் தானே செய்துகொண்டான்.

1897-இல் ஒன்று முதல் பன்னிரண்டு வரை எண்ணிட்டு பன்னிரண்டு அளவுகள். செருப்புக் கடை மாதிரி நம்பர் சொல்லி வாங்கலாம். ரொம்பச் சின்னது என்று ஒன்றாம் நம்பரையும், பத்துக்கும் பன்னிரண்டுக்கும் நடுவில் எதற்கு என்று பதினொன்றாம் நம்பரையும் 1930-களில் நிறுத்திவிட்டார்கள். மற்றவை இன்றும் அதே எண்ணில் கிடைக்கின்றன. ஊர் ஊராகச் சாமான் சுமந்து விற்ற வியாபாரிகள்தான் கத்தியைப் பரப்பினார்கள். 1909-இல் முத்திரை பதிவு செய்தபோது ஜோசப் தேர்ந்தெடுத்தது ஆசி வழங்கும் ஒரு கை, அதன் மேல் கிரீடம். பக்கத்து ஊர் தேவாலயத்தில் ஸ்நாபக யோவானின் விரல்கள் இருப்பதாக நம்பிக்கை, அந்தக் கைதான் ஊர்ச் சின்னம். கிரீடம், சவோய் ஒரு காலத்தில் தனிக் கோமகன் நாடாக இருந்ததற்காக. இன்றைக்கும் ஒவ்வொரு அலகிலும் அது இருக்கும்.

இந்தக் கத்தியில் ஒரு குறை. குத்தும்போது அலகு திடீரென மடங்கி விரலைப் பதம் பார்க்கும். 1955-இல் மார்செல் ஒபினெல் அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார். பட்டைக்கு மேல் சுழல்கிற ஒரு வளையம். அலகைத் திறந்து வளையத்தைத் திருப்பினால் பூட்டிக்கொள்ளும். 2000-இலிருந்து மூடிய நிலையிலும் பூட்டலாம். இதையும் சேர்த்து மொத்தக் கத்தியில் ஐந்தே உறுப்புகள். 1985-இல் லண்டனின் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகம் உலகின் நூறு அழகிய வடிவமைப்புகளில் ஒன்றாக இதைச் சேர்த்தது. பிரெஞ்சு அகராதியிலும் பொதுச் சொல்லாக ஏறிவிட்டது. பிரான்சில் பாலாடைக்கட்டி வெட்டும் தாத்தாவின் சட்டைப்பையில் இருப்பதும் அதேதான், பெரிய பணக்காரரின் பிக்னிக் கூடையில் இருப்பதும் அதேதான்.

மோராவின் கதை நமக்கு இன்னும் நெருக்கம். சுவீடனின் டாலர்னா மாகாணத்தில் மோரா என்ற ஊர், அதை ஒட்டி ஒஸ்ட்நோர் என்ற கிராமம். அங்கே பல நூற்றாண்டாகக் கத்தி அடிக்கிறார்கள். விளைச்சல் போதாத ஊர் என்பதால் வீட்டுக்கு வீடு கைத்தொழில். அந்தக் காலத்தில் சுவீடனிலிருந்து லட்சக்கணக்கில் அமெரிக்காவுக்குக் கப்பலேறினார்கள். அப்படிப் போன ஃப்ரோஸ்ட் எரிக் எர்சன் என்பவர் வட அமெரிக்காவில் நாலு வருடம் இருந்துவிட்டு ஊர் திரும்பி 1891-இல் மரம் இழுக்கும் சறுக்குவண்டி செய்யும் பட்டறை போட்டார். சறுக்குவண்டி செய்யக் கத்தி வேண்டுமே என்று கத்தியும் செய்தார். கடைசியில் வண்டியை விடக் கத்திதான் விற்றது. போய்த் திரும்பியவர் போட்ட பட்டறை என்பதால் நான் அவர்மேல் கொஞ்சம் பாரபட்சமாக இருக்கிறேன். 1912-இல் கே.ஜே. எரிக்சன் என்ற போட்டிக் கம்பெனி அதே கிராமத்தில் வந்தது. தொண்ணூறு வருடத்துக்கு மேல் எதிரும் புதிருமாக இருந்துவிட்டு 2005-இல் இரண்டும் ஒன்றாகின. 2016-இலிருந்து கம்பெனிப் பெயர் மோராக்னிவ்.

மோராவின் ரகசியம் அதன் கூரில் இருக்கிறது. நம் வீட்டுக் கத்திகளில் கூர்முனையை ஒட்டி ஒரு சின்னச் சரிவு இருக்கும். கல்லில் தீட்டும்போது எந்தச் சாய்வில் பிடிப்பது என்று கைக்கு அனுபவம் வேண்டும். மோராவில் அலகின் நடுவிலிருந்து முனைவரை அகலமாக ஒரே தட்டையான சரிவு. அந்தச் சரிவைக் கல்லில் அப்படியே படியவைத்துத் தேய்த்தால் போதும், பத்து வயதுப் பையனும் தீட்டிவிடுவான். அங்கே நிஜமாகவே குழந்தைகளுக்குக் கத்தியும் மரத்துண்டும் கொடுத்துச் சீவப் பழக்குகிறார்கள். பழைய மோராக்களில் நடுவில் கெட்டி உருக்கு, இருபுறமும் மெத்தென்ற இரும்பு என்று அடுக்கிச் செய்வார்கள். உருக்கு விலை அதிகம், இரும்பு மலிவு என்ற சிக்கனத்தில் பிறந்த முறை, ஒடியாமலும் இருக்கும். சிவப்புச் சாயம் பூசிய பீப்பாய் வடிவ பிர்ச் மரப்பிடி அந்தக் காலத்து அடையாளம். இப்போது அதிகம் விற்பது ரப்பர் போட்ட பிளாஸ்டிக் பிடி, பிளாஸ்டிக் உறை. அழகு என்று சொல்ல முடியாது. ஒரு நல்ல ஹோட்டல் சாப்பாட்டுச் செலவில் காலத்துக்கும் உழைக்கும் கத்தி வேறு எங்கும் கிடைக்காது என்பது மட்டும் நிஜம்.

சுவிஸ் கத்தியைப் பற்றி எல்லோரும் எழுதிவிட்டதால் சுருக்கமாக. கார்ல் எல்ஸனர் இபாக் என்ற ஊரில் பட்டறை போட்டதன் நோக்கமே, வேலையில்லாமல் ஊரைவிட்டுப் போகும் பையன்களை நிறுத்திவைப்பது. சுவிஸ் ராணுவம் புதுத் துப்பாக்கி வாங்கியது, அதைக் கழற்றத் திருப்புளி வேண்டும், டின் உணவைத் திறக்க ஒன்று வேண்டும், எல்லாம் சேர்த்து ஒரு கத்தி என்று முடிவானது. வேடிக்கை என்னவென்றால் முதல் தவணைக் கத்திகள் ஜெர்மனியின் சோலிங்கனிலிருந்துதான் வந்தன. உள்ளூரில் அத்தனை செய்ய ஆளில்லை. எல்ஸனர் மற்ற கத்திக்காரர்களைச் சேர்த்துச் சங்கம் அமைத்து ஆர்டரைப் பிடித்தார். சோலிங்கன் விலையோடு போட்டி போட முடியாமல் மற்றவர்கள் கழன்றுகொள்ள, அவர் மட்டும் திவாலாகும் விளிம்பு வரை போய்த் தாக்குப்பிடித்தார். 1897-இல் அதிகாரிகளுக்கென்று கார்க் திருகியும் இன்னொரு சின்ன அலகும் சேர்த்து மெல்லிய கத்தி ஒன்றைப் பதிவு செய்தார். அதுதான் பிழைக்கவைத்தது. அம்மா விக்டோரியா 1909-இல் இறந்தபின் அவர் பெயரையே முத்திரையாக்கினார். பிறகு துருவேறா உருக்கைக் குறிக்கும் 'இனாக்ஸ்' ஒட்டிக்கொண்டு விக்டோரினாக்ஸ் ஆயிற்று.

ஹிகோனோகாமி ஜப்பானின் மிகி என்ற ஊரில் பிறந்தது. 1876-இல் சாமுராய்கள் வாள் தரிக்கக் கூடாது என்று அரசு உத்தரவு போட்டதும் வாள் கொல்லர்கள் பலர் வேறு கருவிகளுக்கு மாறவேண்டி வந்தது. இந்தக் கத்தி ஒரு மடித்த தகடு, ஓர் அலகு, ஓர் ஆணி. அலகின் அடியில் ஒரு சின்ன வால் நீட்டிக்கொண்டிருக்கும், அதைக் கட்டைவிரலால் அழுத்தினால் திறக்கும். பூட்டு கிடையாது, விரல்தான் பூட்டு. 1910-இல் சங்கமாகச் சேர்ந்து பெயரைப் பதிவு செய்தார்கள். ஜப்பானியப் பள்ளிப் பையன்கள் எல்லோர் பையிலும் பென்சில் சீவ இது இருந்தது.

பிறகு 1960 அக்டோபர் 12. சோஷலிஸ்ட் தலைவர் இனெஜிரோ அசானுமா டோக்கியோவில் மேடையில் பேசிக்கொண்டிருந்தபோது பதினேழு வயதுப் பையன் ஒருவன் பாய்ந்து குத்திக் கொன்றான். கேமராக்களுக்கு முன்னால். நாடே அதிர்ந்தது. பிள்ளைகள் கையில் கூரான எதுவும் கூடாது என்று ஓர் இயக்கமே கிளம்பியது. அவன் குத்தியது குறுவாளால். ஆனால் அடி விழுந்தது பென்சில் சீவும் கத்தி மேல். பென்சில் சீவும் கருவிகள் வகுப்பறைக்கு வந்தன, மிகியில் பட்டறைகள் ஒவ்வொன்றாக மூடின. இன்று அந்தப் பெயரைப் போட்டுக்கொள்ளும் உரிமையுடன் மிஞ்சியிருப்பது ஒரே ஒரு குடும்பப் பட்டறை.

இந்த இடத்தில்தான் எனக்கு ராம்பூர் ஞாபகம் வருகிறது.

தில்லியிலிருந்து மொராதாபாத் தாண்டி பரேலி, லக்னோ போகிற ரயிலில் ராம்பூரைக் கடந்திருப்பீர்கள். 1774-இல் ரோகில்லா நவாப் ஃபைசுல்லா கான் நிறுவிய சமஸ்தானம். ராஸா நூலகம் அங்கேதான் இருக்கிறது, அரபு, பாரசீகச் சுவடிகளுக்கு உலகப் புகழ் பெற்றது. இந்துஸ்தானி இசையில் ராம்பூர் சஹஸ்வான் கரானா என்று ஒரு பாணியே உண்டு, 2024-இல் மறைந்த ரஷீத் கான் அந்த வழி வந்தவர். இத்தனை இருந்தும் வட இந்தியாவில் யாரிடமாவது ராம்பூர் என்று சொல்லிப் பாருங்கள். "சாக்கூ!" என்பார்கள்.

ராம்பூரி சாக்கூ. நம் பக்கத்தில் பட்டன் கத்தி என்போமே, அதற்கெல்லாம் இதுதான் மூலவர். ஒன்பது, பத்து, பன்னிரண்டு அங்குல அலகு, பித்தளைப் பிடி, மீன் மாதிரி வளைவு. பொத்தானை அழுத்தினால் திறப்பது ஒரு வகை. இன்னொன்று கராரி. திறக்கும்போது பல்சக்கரம் மாதிரி கட்டைகளில் ஏறி 'கர்ர்ர் கட் கட்' என்று சத்தம் போடும். எதிரில் நிற்பவனுக்கு அந்தச் சத்தமே பாதி வேலையை முடித்துவிடும். (ஸ்பெயினின் நவாஹா கத்தியிலும் இதே ஏற்பாடு உண்டு.) பக்கத்து ஊரான மொராதாபாத் பித்தளை நகரம், பிடிக்குப் பஞ்சமே இருந்திருக்காது. பிறகு இந்தி சினிமா அதைத் தத்தெடுத்துக்கொண்டது. 1965-இல் வந்த 'வக்த்' படத்தில் ராஜ்குமார் கத்தியைப் பற்றிப் பேசும் வசனத்தை இன்றும் மிமிக்ரி செய்கிறார்கள். அறுபது எழுபதுகளில் வில்லன் என்றால் கையில் ராம்பூரி.

ஊர்க்காரர்களுக்கு இது வரமாகவும் சாபமாகவும் அமைந்தது. பெயர் பரவியது, போலீஸ் கண்ணும் பரவியது. 1990-களில் உத்தரப் பிரதேச அரசு நாலரை அங்குலத்துக்கு மேல் அலகு கூடாது என்றது. பத்து அங்குலத்தில் இருக்கிற ஒரு பொருளை நாலரை அங்குலமாக்கு என்றால் அது வேறு பொருள். நாட்டுத் துப்பாக்கி மலிந்த ஊரில் ரவுடிகளுக்கும் கத்தி தேவைப்படவில்லை. வரிசையாகக் கடைகள் இருந்த சந்தையில் விரல்விட்டு எண்ணும் அளவுக்குத்தான் மிஞ்சின. கைவினைஞர்கள் வேறு வேலைக்குப் போனார்கள். பிறகு 2023-இல் ராம்பூர் நகரத்தின் வாயிலில் இருபது அடி நீளத்தில் பித்தளையும் உருக்குமாக ராட்சத ராம்பூரிக் கத்தி ஒன்றை நிறுவி, அந்த நாற்சந்திக்கு சாக்கூ சௌக் என்று பெயரும் வைத்தார்கள். அரை அடிக் கத்தியை விற்க முடியாத ஊரில் இருபது அடிக் கத்திக்கு அரை கோடி ரூபாய் செலவு. நம் தேசத்தில் தொழில் படுத்தபிறகுதான் சிலை வைப்போம்.

சவோய்க்கும் ராம்பூருக்கும் கைத்திறனில் பெரிய வித்தியாசம் எனக்குத் தெரியவில்லை. வித்தியாசம், கத்தி எதற்கு என்ற கேள்விக்கு இரண்டு ஊர்களும் சொன்ன பதிலில் இருக்கிறது. ஒபினெலைப் பார்த்தால் ரொட்டி ஞாபகம் வரும். ராம்பூரியைப் பார்த்தால் வயிறு ஞாபகம் வரும். அதே ராம்பூர்க் கொல்லர்கள் மாம்பழம் சீவ, தோட்டத்தில் ஒட்டுக்கட்ட என்று மூணு அங்குலத்தில் ஒரு கத்தி செய்து நவாப் முத்திரை போட்டிருந்தால்? மலிஹாபாத் மாந்தோப்புகள் அதே மாநிலத்தில்தானே. அதே உத்தரப் பிரதேசத்தின் மீரட் கத்தரிக்கோலுக்குப் புவிசார் குறியீடே கிடைத்திருக்கிறது. தையற்காரன் கையில் இருப்பதால் கத்தரிக்கோலுக்கு மரியாதை.

சட்டம் என்ன சொல்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன், பிள்ளைகளை மலையேற்ற முகாமுக்கு அனுப்புகிறவர்களுக்கு உதவும். 1878-இல் லிட்டன் காலத்தில் வந்த ஆயுதச் சட்டத்துக்குப் பதிலாக 1959-இல் புதுச் சட்டம் வந்தது. அதன் விதிகளின்படி அலகு 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள கத்திகள் ஆயுதம் என்ற கணக்கில் வரும். வீட்டு உபயோகம், விவசாயம், அறிவியல், தொழில் இவற்றுக்காகச் செய்யப்பட்டவை விலக்கு. அதனால்தான் உங்கள் அரிவாள்மணை தப்பித்தது. ஆனால் குறிப்பிட்ட பகுதிகளுக்கு அரசு தனி அறிவிக்கை போடலாம். தில்லியில் அப்படி ஓர் அறிவிக்கை உண்டு. பொத்தான், கராரி அல்லது வேறு இயந்திர அமைப்பால் திறந்து மூடும் கத்திகளில் 7.62 சென்டிமீட்டர் நீளமும் 1.72 சென்டிமீட்டர் அகலமும் எல்லை. 7.62 என்ற விசித்திர எண் வேறொன்றுமில்லை, பழைய மூணு அங்குலம்தான். சீக்கியர்கள் கிர்பான் தரிப்பதை அரசியல் சாசனத்தின் 25-ஆம் பிரிவே அனுமதிக்கிறது. குடகர்களுக்கு 1861-இலிருந்து ஆயுத உரிம விலக்கு தொடர்கிறது. பெங்களூர்வாசிகள் குடகுக் கல்யாணத்தில் மாப்பிள்ளை இடுப்பில் வெள்ளிப்பூண் போட்ட பீச்சேக்கத்தியைப் பார்த்திருப்பீர்கள்.

இப்போது கடைக்குப் போவோம். ஒபினெலில் உலகமெங்கும் அதிகம் விற்பது எட்டாம் நம்பர், அலகு 8.5 சென்டிமீட்டர். ஏழு என்றால் 8. ஆறாம் நம்பர் 7. தில்லியில் இருப்பவர்களுக்கு என் சிபாரிசு ஆறு. கைக்கும் அடக்கம், மூணு அங்குலத்துக்கும் உள்ளே. எட்டு வாங்கினால் அடுக்களையிலேயே இருக்கட்டும். நான் வக்கீல் இல்லை, ஆனால் இரவு பதினோரு மணிக்கு நாகாவில் நிற்கும் கான்ஸ்டபிளுக்கு சவோய் வரலாறு சொல்லிப் புரியவைக்க என்னால் ஆகாது. மோராவில் கம்பானியன் என்ற வகை, அலகு பத்து சென்டிமீட்டர் சொச்சம். மாடித் தோட்டம், இளநீர் வழுக்கை, பார்சல் பிரிப்பது, தேங்காய் கீறுவது எல்லாவற்றுக்கும் ஆகும். தேங்காய் உடைக்க வேண்டாம், அதற்கு அருவாள் இருக்கிறது. விமானத்தில் எதையும் கைப்பையில் வைக்காதீர்கள், செக்-இன் பெட்டியில் போடுங்கள்.

இரண்டு கம்பெனிகளும் கார்பன் உருக்கு, துருவேறா உருக்கு என இரண்டு வகையும் தருகிறார்கள். கார்பன் அலகு சீக்கிரம் கூராகும், பார்க்கவும் லட்சணம். ஆனால் எலுமிச்சை, மாங்காய், புளி பட்டால் நீலக்கருப்பாக மாறும். அது துரு இல்லை, ஒரு விதத்தில் துருவுக்கு எதிரான படலம். ஈரத்தோடு வைத்துவிட்டால் மட்டும் நிஜத் துரு வரும். துடைத்து ஒரு சொட்டுத் தேங்காயெண்ணெய் தடவினால் போதும். சென்னை, மும்பை, கொச்சி மாதிரி கடலோரத்தில் இருப்பவர்கள் பேசாமல் துருவேறா வகையை வாங்குங்கள்.

ஒபினெல் வாங்குகிறவர்கள் முதல் மழைக்காலத்தில் ஒரு பிரச்சினையைச் சந்திப்பார்கள். மரப்பிடி ஈரத்தில் ஊதி, அலகை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். நகம் உடைய இழுத்தாலும் வராது. குறடு தேடாதீர்கள். சவோய்க்காரர்கள் செய்வது இதுதான்: வளையத்தைத் திறந்த நிலைக்குத் திருப்பிவிட்டு, கத்தியைப் பிடியின் நடுவில் பிடித்து, பிடியின் பின்முனையை மேசை விளிம்பில் சுள்ளென்று ஒரு தட்டு. அலகு தானாக ஒரு விரல் அளவு எட்டிப் பார்க்கும். வளையத்தைத் திருப்ப மறந்துவிட்டுத் தட்டினால் மேசைதான் பாழாகும், வீட்டில் திட்டு வாங்குவீர்கள்.